இளஞ்சிவப்புச் சீட்டு

தெட்சிணாமூர்த்தி கெட்டவரில்லை.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
பிறகு என்னை நானே
நன்றிகெட்டவள் என்று ஏசிக்கொள்ளாமலிருக்க.

போன ஆவணியில்
இவருக்கு நெஞ்சு அடைத்த ராத்திரி
நூற்றியெட்டு வண்டி முள்ளியாற்றுப் பாலத்துக்கு
அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
சரளை கொட்டி வைத்திருந்தார்கள்.
தெட்சிணாமூர்த்திதான் கைலியோடு ஓடிவந்து
தன் காரை எடுத்தார்.
திருவாரூர் போய்ச் சேரும்வரை
பின்சீட்டில் இவர் எடுத்த வாந்தியைப் பற்றி
ஒரு சொல் இல்லை.
டீசல் காசு நீட்டினேன், வாங்கவில்லை.
அதன்பிறகு ஒருநாளும் அதைப் பேசியதுமில்லை.

அந்தப் பேசாமைதான் எனக்குப் பயம்.

சொல்லிக்காட்டுகிறவன்
கொஞ்சம் கொஞ்சமாகக் கடனைக் கழித்துவிடுகிறான்.
சொல்லாதவரிடம் அது அப்படியே கிடக்கிறது,
வட்டி என்னவென்று தெரியாமல்.

இப்போது பிரசிடெண்டுக்கு நிற்கிறார்.
பூட்டுச்சாவி சின்னம்.
முந்தாநாள் வாசலில் வந்து கும்பிட்டபோது
என் முகத்தைப் பார்க்கவில்லை,
இவர் சாய்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார்.
"உடம்பு தேவலாமா?"
அவ்வளவுதான் கேட்டார்.
அவ்வளவும் கேட்டுவிட்டார்.

எங்களுக்குக் கடைமடை. கோயில் குத்தகை, மூணு மா.
மேட்டூர் திறந்ததை டிவியில் காட்டி
பத்தொன்பது நாள் கழித்து
நுரையையும் தெர்மாகோலையும் முன்னால் தள்ளிக்கொண்டு
தண்ணீர் வரும்.
வழியில் அவருடைய நாலு வேலி.
அவர் ஆள் ராத்திரியில் மதகுப் பலகையை இறக்கியதை
நான் கண்ணால் பார்த்ததில்லை.
விடியலில் அந்தப் பலகையில்
ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்ததைப்
பார்த்திருக்கிறேன்.
அது சாட்சியாகுமா?
வெயில் வந்தால் காய்ந்துவிடும்.

எதிரில் வீரையன் மகன் ரூபன். ஏணி.
திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பியவன்.
வாய்க்கால் எல்லாம் தூர்வாருவேன் என்கிறான்,
எது எங்கள் வாய்க்கால் என்றால் பேர் தெரியவில்லை.
அவன்மேல் நம்பிக்கை இல்லை.
பயமும் இல்லை.
பயமில்லை என்பதற்காக ஒருத்தனுக்குப் போடலாமா?

ரகசியம் என்கிறார்கள்.
எங்கள் தெருவுக்கு மொத்தமே அறுபத்தெட்டு ஓட்டு.
போன தடவை எண்ணி முடித்த ராத்திரியே
மூணு வீட்டைக் கைகாட்டினார்கள்.
அதில் ரெண்டு சரி.
மூணாவது வீட்டுக்காரி, பாவம்,
சத்தியம் பண்ணியே தொண்டை கட்டிப்போனாள்.

"இருநூற்றுப் பதினேழு, அஞ்சம்மாள், கணவர் சோமையன்."
பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்கள்.
ஐந்தாவதும் பெண்ணென்று வைத்த பேர்.
வேறு அர்த்தம் அப்பா நினைத்திருக்கமாட்டார்.
ஏஜெண்டுகள் பென்சிலால் கோடு போட்டார்கள்.
நாலு சீட்டு கொடுத்தார்கள்:
வெள்ளை, பச்சை, மஞ்சள் மூன்றையும்
மூச்சு விடுவதற்குள் குத்திவிட்டேன்.

இளஞ்சிவப்பு மட்டும் கையில்.

பிஸ்கட் பெட்டியை வெட்டிச் செய்த மறைப்பு.
சுவரில் ஏதோ பிள்ளை கரியால் எழுதியிருந்தது,
ஏழெட்டு ஐம்பத்து நாலு.
திருத்த வேண்டும்போலிருந்தது.
பூட்டுச்சாவிக்கும் ஏணிக்கும் நடுவே
ஒரு விரல்கடை கூட இல்லை.
காரின் பின்சீட்டு. பலகையின் ஈரம்.
இவர் மூச்சுக்குத் தவித்த சத்தம்.
நடவு முடித்து, வானத்தைப் பார்த்து நின்ற பயிர்.

குத்தினேன்.

நீளவாக்கில் மடிக்கச் சொல்லியிருந்தார்கள்,
குறுக்கே மடித்தால் மை எதிர்ச்சின்னத்தில் ஒட்டி
ஓட்டு செல்லாதாம்.
ஊதினேன்.
மார்கழி ஈரக்காற்று, சீக்கிரம் காயவில்லை.
வெளியே நாற்காலி இழுபட்டது,
யாரோ இருமினார்கள்.
"என்னம்மா, இன்னுமா?"

எல்லைக்கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில்
தெட்சிணாமூர்த்தி நின்றிருந்தார்.
"அண்ணன் சாப்பிட்டாச்சா?"
"கஞ்சி குடிச்சாரு" என்றேன்.
கட்டைவிரலில் மை ஒட்டியிருந்தது.
நாலு சீட்டுக்கும் ஒரே மைதான்,
விரலைப் பார்த்து எவருக்கும் ஒன்றும் தெரியாது.

இருந்தாலும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு
வரப்பில் இறங்கினேன்.